பறங்கிக்காயும் மணிலாக்கொட்டையும்

நம் வீட்டுச் சமையலறையில் ஒரு நாள் புழங்கும் பொருள்களை வரிசையாக எழுதிப் பார்ப்போம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பறங்கிக்காய், நிலக்கடலை, முந்திரிப்பருப்பு. உண்டபின் தின்னக் கொய்யா, பப்பாளி, அன்னாசி, சீத்தா. இவற்றுள் ஒன்றேனும் இராசராச சோழன் காலத்து மடைப்பள்ளியில் இருந்ததில்லை. கரிகாலனோ கபிலரோ இவற்றின் சுவையை அறியார். இவை யாவும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. 1492இல் கொலம்பசு அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். அவ்விரு வழிகளும் இணைந்த பிறகே இவை கப்பலேறி நம்மிடம் வந்தன.

இவ்வளவும் பலர் அறிந்த செய்திதான். நாம் இங்குக் கருத விரும்புவது அதன் மறுபக்கத்தை. கரையில் வந்திறங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதைச் சூட்ட அரசாணை பிறக்கவில்லை. புலவர் அவை கூடவில்லை. கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் அன்று இல்லை. சந்தையில் விற்றவரும் கொல்லையில் நட்டவரும் அடுப்படியில் நின்றவரும் தம் வாய்க்கு வந்தபடி பெயரிட்டனர். அப்பெயர்களே இன்றும் நம்மிடம் உள்ளன. கல்லில் வெட்டப்படாத ஆவணங்கள் இவை. ஆயினும் கல்வெட்டைப் படிக்கப் பயிற்சி வேண்டுவது போலவே இவற்றைப் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும். ஏனெனில் ஒரு பொருளின் பெயர் அது பிறந்த இடத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அது நம் கைக்கு வந்த வழியைச் சொல்கிறது. வந்தபோது அதை நாம் எதுவாகக் கண்டோம் என்பதைச் சொல்கிறது.

மிளகு போன்ற காய்

மிளகாயிலிருந்தே தொடங்குவோம். சங்க காலத்து உறைப்பு மிளகினுடையது. அதற்குச் சங்கப் பாடல்களில் பெரிதும் வழங்கிய பெயர் 'கறி'. யவனர் பொன்னோடு வந்து கறியோடு மீண்ட முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படை மிளகை 'மிரியல்' என்கிறது. பலாமரத்தின் அடியில் காய்த்துத் தொங்கும் பழங்களைப் போல இருபுறமும் எடையொத்த மிளகுப் பொதிகள். அவற்றைச் சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகுடைய கழுதைகள். சுங்கம் கொள்ளும் பெருவழியில் அவற்றின் சாத்து. அந்த ஆற்றுப்படை தரும் காட்சி இது. உறைப்பு என்றால் தமிழருக்கு அந்தப் பொதியில் இருந்ததுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் சிவந்த காய் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் உறைப்பைக் கண்டவர் மிளகை நினைத்தனர். மிளகு போன்ற காய் என்னும் பொருளில் அது 'மிளகாய்' ஆயிற்று. கன்னடர் தம் 'மெணசு' என்னும் மிளகுச் சொல்லோடு காயைச் சேர்த்து 'மெணசினகாயி' என்றனர். நமக்கு முன்பே இந்த ஒப்புமையைக் கண்டவர் கொலம்பசு. மிளகைத் தேடிப் புறப்பட்டவர் வேறொன்றைக் கண்டு அதையும் மிளகென்றே குறித்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பெப்பர்' என்னும் பெயர் இன்றளவும் நிற்பது அதன் எச்சம்.

விருந்தாளி வீட்டுக்காரனான கதையும் இதில் உண்டு. மலையாளத்தில் 'முளகு' என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது மிளகாயே. உண்மையான மிளகு 'குருமுளகு' என்றும் 'நல்லமுளகு' என்றும் அடைமொழி தாங்கி நிற்கிறது. குமரி மாவட்டத்திலும் நெல்லைப் பகுதியிலும் 'நல்லமிளகு' என்று கேட்டு வாங்குவோர் உண்டு. சிங்களத்தில் 'மிரிஸ்' என்பது மிளகாய். மிளகுக்கோ 'கம்மிரிஸ்' என்று பெயர். சொந்தப் பெயரைப் புதியவனிடம் பறிகொடுத்த பழையவன், 'நல்ல' என்று ஒரு சான்றிதழை முன்னொட்டிக்கொண்டு தன்னை நிறுவ வேண்டியதாயிற்று. மிளகாய் நம் உணவில் எவ்வளவு விரைந்து, எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இந்த ஓர் அடைமொழியே போதிய சான்றாகும்.

பழைய பெயருள் புதிய பொருள்

ஒப்புமையால் பெயரிடும் இவ்வழக்கம் கிழங்குகளிலும் தொடர்கிறது. பாரியின் பறம்புமலை உழவர் உழாமலே தரும் நான்கு விளைவுகளைக் கபிலர் புறநானூற்றின் 109ஆம் பாடலில் அடுக்குகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போது வள்ளிக்கிழங்கு என்றதும் மாணவர் மனத்தில் எழுவது சர்க்கரைவள்ளி. நாம் எத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தினாலும் இது மாறவில்லை. ஆனால் பறம்பில் விளைந்தது மலைக்காட்டில் கொடியாகப் படரும் நாட்டு வள்ளி. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. மண்ணுக்குள் விளைவதும் கொடியாகப் படர்வதும் ஒத்திருந்தமையால் அதற்கு வள்ளியின் பெயர் கிட்டியது. இனிப்புக்கு ஓர் அடைமொழியும் சேர்ந்தது. கொடியாகப் படராமல் சிறுமரம் போல் நின்ற இன்னொரு கிழங்கு 'மரவள்ளி' ஆயிற்று. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனை மக்களிடையே பரப்ப முனைந்தார். அரிசி எட்டாத குடிகளின் பசியைத் தணித்தது அக்கிழங்கு.

தக்காளியும் அவ்வாறே. அப்பெயர் ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. வேலியோரங்களில் மெல்லிய பைக்குள் சிறுகாய் காய்க்கும் செடிக்கு அது உரியதாக இருந்தது. மணத்தக்காளியின் பெயரில் அப்பழமை இன்னும் தங்கியிருக்கிறது. பெரிய சிவந்த பழம் வந்தபோது முதலில் அது 'சீமைத்தக்காளி'. பின்னர் சீமை உதிர்ந்தது; தக்காளி என்றாலே அதுதான் என்றாயிற்று. முந்திரியின் நிலையும் இதுவே. 'முந்திரிகை' என்பது முற்காலத்தில் திராட்சையைக் குறித்தது. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சையே. யாழ்ப்பாணத் தமிழில் 'மரமுந்திரிகை' என்று அடைகொடுத்து வேறுபடுத்தினர். தமிழகத்தில் அடை தேய்ந்து, முந்திரி என்பது பருப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கொண்டுவந்தவன் பெயரால்

இரண்டாவது வழக்கம், பொருளைத் தந்தவரின் பெயரைப் பொருளுக்குச் சூட்டுவது. 'பிராங்கு' என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபியரின், பாரசீகரின் நாவில் 'ஃபரங்கி' ஆகி நம்மிடம் 'பறங்கி' என வந்தது. போர்த்துக்கீசியரையும் பின்னர் ஐரோப்பியர் பிறரையும் இச்சொல் குறித்தது. பறங்கிப்பேட்டையும் பறங்கிமலையும் அவர்கள் தங்கிய இடங்கள். பறங்கிக்காய் அவர்கள் வழியாக வந்த காய். மார்கழி விடியலில் வாசற்கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் பூவை நினைத்துப் பாருங்கள். பூசணிப்பூ என்ற பெயரில் இன்று நாம் வைப்பது பெரும்பாலும் பறங்கிப்பூதான். நம் மரபின் அடையாளமாக நாம் கருதும் அந்த மஞ்சள் மலர் கடல் கடந்து வந்து ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன.

வடதமிழகத்தின் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை வட்டாரங்களில் நிலக்கடலைக்கு 'மணிலா' என்றும் 'மணிலாக்கொட்டை' என்றும் பெயர். பேச்சில் அது 'மல்லாக்கொட்டை', 'மல்லாட்டை' எனக் குழைந்து வரும். கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. ஆனால் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையே எசுப்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் பசிபிக்கைக் கடந்துகொண்டிருந்தன. அந்த நெடுவழியின் ஆசிய முனைதான் மணிலா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் தென்னார்க்காட்டுக் கடலையைப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு ஏற்றுமதி செய்தது. மல்லாட்டை என்று சொல்லும் ஓர் உழவர் தாம் அறியாமலே ஒரு பசிபிக் துறைமுகத்தின் பெயரை உச்சரிக்கிறார். அதே பயிர் பிற வட்டாரங்களில் மண்ணைக் கொண்டு நிலக்கடலை, வேர்க்கடலை எனப்படுகிறது. ஈழத்திலோ அது கச்சான். இலங்கைத் தமிழர் சிலர் மிளகாயைக் 'கொச்சிக்காய்' என்பதும் கொச்சித் துறையோடு அத்தீவுக்கு இருந்த வணிக உறவை நினைவூட்டுவது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. வான்கோழி வட அமெரிக்கப் பறவை. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் 'டர்க்கி' என்றனர். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்று நம் நாட்டுத் தலையில் கட்டினர். பிரெஞ்சுக்காரரின் 'டாண்டு' என்னும் சொல்லுக்கும் இந்தியாவினது என்பதே அடிப்பொருள். போர்த்துக்கீசியர் 'பெரு' என்று தென்னமெரிக்க நாடொன்றைச் சுட்டினர். நால்வரும் தாயகத்தைப் பிழையாகவே சொன்னார்கள். ஆயினும் பறவை தம்மிடம் எத்திசையிலிருந்து வந்ததாக அவரவர் நம்பினர் என்பதைப் பிழையின்றிச் சொல்லிச் சென்றார்கள். பெயரைச் சான்றாகக் கொள்வோர் மறக்கக்கூடாத பாடம் இது.

ஒலியோடு வந்தவை

மூன்றாவது வழக்கம் அயற்பெயரை நம் வாய்க்கேற்ப வளைத்துக்கொள்வது. அன்னாசி, பப்பாளி, கொய்யா மூன்றும் அமெரிக்கப் பழங்குடியினரின் சொற்கள் போர்த்துக்கீசியர் வாயிலாகத் தமிழுக்கு வந்தவை. சாவி, அலமாரி, சன்னல், மேசை, கோப்பை, பீப்பாய் வந்த அதே வழி. இவற்றுள் கொய்யா முழுத் தமிழ்ச்சொல்லாகவே ஒலிப்பதால், 'கொய்யாத பழம்' என்று பொருள்விரித்து விளையாடுவோர் உளர். மலையாளிகள் அன்னாசிக்கு வேறு வழி கண்டனர். தாழையைக் குறிக்கும் 'கைத' என்னும் சொல்லையும் பலாவைக் குறிக்கும் 'சக்க' என்னும் சொல்லையும் இணைத்து 'கைதச்சக்க' என்றனர். இலை தாழை போலவும் பழம் பலா போலவும் இருப்பதைக் கண்ட கண் அது. சீத்தாப்பழமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, சீதையின் பெயரோடு இணைந்து இதிகாசத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது.

சொல் சான்றாகும்போது

இவையெல்லாம் சுவையான துணுக்குகள் என்று கேட்டுவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் இலக்கியம் பயில்வோர்க்கு இவற்றால் ஒரு பெரும்பயன் உண்டு. காலம் கணிக்க இவை உதவும்.

சித்த மருத்துவத்தில் பறங்கிப்பட்டை புகழ்பெற்ற மருந்து. கிழக்காசியாவில் விளையும் அந்த வேர் மேகப்புண்ணுக்கு மருந்தாகப் போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தியாவெங்கும் பரவியது. கோவாவில் 1563இல் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் நூல் அதைப்பற்றி விரிவாகப் பேசுகிறது. நோய்க்கும் அவர்கள் பெயரே வாய்த்தது. பதினாறாம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூல் அதைப் 'பிரங்க ரோகம்' என்கிறது. எனவே தொன்மையான முனிவர் ஒருவர் பெயரைத் தாங்கிய சுவடியில் பறங்கிப்பட்டை வருமானால், அச்சுவடியோ அந்தச் செய்யுளோ 1500க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. அதனால் அம்மருத்துவத்தின் மதிப்புக் குறைவதில்லை. புதிய நோய்க்குப் புதிய மருந்தை ஆராய்ந்து ஏற்ற உயிருள்ள மரபு அது என்பதே அதனால் புலப்படும்.

மூதுரையில் மயிலாடக் கண்ட வான்கோழி நாம் அனைவரும் பள்ளியில் படித்தது. கல்லாதவன் கவி சொல்ல முற்படுவதற்கு அது உவமை. மூதுரை பாடிய ஔவையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்பது மரபு. ஆனால் வான்கோழி கோவாவிலிருந்து முகலாய அவைக்கு வந்தபோது, 1612இல், பேரரசர் சகாங்கீருக்கே அது காணாத புதுமையாக இருந்தது. பச்சோந்தி போல் நிறம் மாறும் அதன் தலையையும் கழுத்தையும் வியந்து தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். மன்சூர் என்னும் அவையோவியர் அதை வரைந்தார். அவ்வாறாயின் மூதுரைக்கு இரண்டு வழிகளே உண்டு. வான்கோழி என்னும் சொல் முன்பு வேறொரு நாட்டுப் பறவையைக் குறித்து, மிளகையும் தக்காளியையும் போலப் பின்னர்ப் புதியதற்குக் கைமாறியிருக்க வேண்டும். அன்றேல் அந்த வெண்பா போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிற்பட்டதாதல் வேண்டும். மயிலைப் போலவே தோகை விரித்து நடக்கும் பறவை வான்கோழி; உவமை அதற்கே நன்கு பொருந்துவதால் நம் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது. வாய்மொழியாக வாழ்ந்த அறநூல்களில் பிற்காலச் செய்யுள் கலப்பது புதிதன்று. ஆனால் நாட்டுப் பெயர் கைமாறுவதும் நம் மொழியில் அடிக்கடி நடந்தது என்பதை மேலே கண்டோம். ஆதலின் அம்முடிவைக் கல்லில் எழுதிவிடலாகாது.

எதிர்ச்சான்றுகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. கருநாடகத்துச் சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டு ஒய்சளர் கோயிற் சிற்பங்கள் கையில் ஏந்தியிருப்பது மக்காச்சோளக் கதிரே என்று 1989இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதினர். அது மணிகள் பதித்த ஒப்பனைக் கனி என்று மறுத்தோர் உண்டு. மொழி இதில் ஒரு சொல் சொல்கிறது. கன்னடத்தில் அப்பயிர் 'மெக்கெ ஜோள', 'முசுகின ஜோள', தமிழில் மக்காச்சோளம். நீண்டநாள் வீட்டிலிருந்த பயிர் அடைமொழியின்றி நிற்கும். அடைமொழியோடு வருவது பின்னால் வந்தது. கோயிற்கலை அறிந்தோர் சிற்பத்தைப் பார்க்கட்டும். மொழி அறிந்தோர் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திவசச் சமையலும் கோயில் மடைப்பள்ளியும்

சொல் மறந்ததைச் சடங்கு நினைவில் வைத்திருக்கும். அந்தணர் இல்லங்களில் திவச நாளன்று மிளகாய் சேர்ப்பதில்லை, உறைப்புக்கு மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் அடுப்பேறா. பெரியவர்கள் அவற்றை 'இங்கிலீஷ் காய்கறி' என்று ஒதுக்கி, வாழைக்காய், பாகற்காய், அவரை, புடலை, சேனை முதலான 'நாட்டுக் காய்கறி'களையே சமைப்பர். பூரி சகந்நாதர் கோயிலின் பெரும் மடைப்பள்ளியிலும் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு இடமில்லை. ஆக, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சமையல் ஒன்று ஆண்டுக்கொருமுறை நம்மிடையே மீண்டும் நடந்தேறுகிறது.

இதையும் கண்மூடிச் சான்றாகக் கொள்ளல் தகாது. வெங்காயமும் முருங்கையும் திவசத்தில் விலக்கப்படுவது வேறு காரணங்களால். இன்னொரு விந்தை: பல வீடுகளில் சர்க்கரைவள்ளிக்குத் திவசத்தில் தடையில்லை. அமெரிக்கக் கிழங்குதான் அதுவும். வள்ளி என்னும் நாட்டுப் பெயரே அதற்கு நுழைவுச்சீட்டாக அமைந்தது போலும்.

இழப்பு எங்கே இருக்கிறது

மிளகாய் நம்முடையதன்று என்றால் சிலருக்கு வருத்தம் உண்டாகிறது. தொன்மை குறைந்துவிட்டதாக எண்ணுகின்றனர். அவ்வருத்தம் தேவையற்றது. வந்தவற்றையெல்லாம் வாங்கி, பெயரிட்டு, உறவு கொண்டாடி, நான்கைந்து தலைமுறைக்குள் இது என்றும் நம்மோடிருந்தது என்று எல்லோரையும் நம்பவைத்த மொழி நம்முடையது. வலிமையற்ற மொழிக்கு அது கைவராது. சோழர் காலப் புதினத்தில் பச்சைமிளகாய் நறுக்கும் பணிப்பெண்ணைக் காட்டும் எழுத்தாளர் பிழை செய்கிறார் என்பது உண்மை. அப்பிழைக்கு இடமளித்தது அந்தச் சொல்லின் வெற்றியும்கூட.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. வட்டாரப் பெயர்கள் ஒவ்வொன்றாக நம் கண்முன்னே உதிர்கின்றன. பாடநூலும் கடை விளம்பரமும் பொட்டலத்தின் மேலுறையும் ஒரே பெயரைத்தான் ஏற்கின்றன. விழுப்புரத்திலிருந்து வரும் மாணவர் 'மல்லாட்டை' என்று சொல்லிவிட்டு நாணி, 'நிலக்கடலை' என்று திருத்திக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். குமரிப் பிள்ளைகள் 'நல்லமிளகு' என்பதையும் 'மரச்சீனி' என்பதையும் வீட்டோடு வைத்துவிட்டு வருகின்றனர். அவர்கள் திருத்தியது கொச்சையை அன்று. மணிலாக் கப்பலின் தடமும், மிளகு தன் பெயரை மீட்கப் போராடிய வரலாறும் அத்திருத்தத்தில் அழிகின்றன.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று இதைத் தெளிவாக்கும். சீமைக் கருவேலம் அமெரிக்க மரம். 1877இல் கடப்பைப் பகுதியில் அரசு வனத்துறையினர் நட்டுப் பரப்பத் தொடங்கினர். இன்று நீரை உறிஞ்சும் பகை என்று அதை வெட்டியெறிகிறோம். சீமை என்னும் சொல் அதை அயலார் கொண்டுவந்தனர் என்கிறது. ஆனால் சிற்றூர்களில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: வேலிக்காத்தான். வறண்ட நிலத்தில் பயிருக்கு வேலியும் அடுப்புக்கு விறகும் இல்லாதிருந்த மக்கள் நன்றியோடு அழைத்த பெயர் அது. ஒரு மரத்தின் இரண்டு பெயர்கள் இரண்டு காலத்தின் சாட்சியங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், அந்த மரத்தை நம் முன்னோர் ஏன் வளரவிட்டனர் என்பது நம் பேரர்க்கு விளங்காமற் போகும்.

மல்லாட்டை என்று சொன்ன மாணவரிடம் 'அது தவறு' என்று சொல்லாமல், 'அது எங்கிருந்து வந்த சொல் தெரியுமா?' என்று கேட்பது ஆசிரியராகிய நமக்கு எளிது. ஒரு வகுப்பின் பத்து நிமிடம் அதற்குப் போதும். உலகப்படத்தில் மணிலாவையும் அக்கபுல்கோவையும் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம்.